ஜீன்எக்ஸ்பர்ட் காசநோய்ப் பரிசோதனைக் கருவி: ஒரு மதிப்பீடு

காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதை அறிய, சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்த இடைவெளியில் நோயாளி பயனற்ற மாத்திரைகளை விழுங்கிக்கொண்டும், உடனிருப்போருக்குத் தொற்றைப் பரப்பிக்கொண்டும் இருக்க நேர்ந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட், அந்தக் காத்திருப்பை இரண்டு மணி நேரத்திற்குள் சுருக்கியது. இதன் தலையாய சிறப்பு இதுவே.

சளியுடன் வினைப்பொருளைக் கலந்து, 15 நிமிடம் வைத்திருந்து, கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டியில் ஊற்றிக் கருவிக்குள் பொருத்திவிட்டால், டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது, அதைப் பெருக்குவது, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படாத நிலைக்கு, அதாவது ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்குக் காரணமான மரபணு மாற்றங்கள் உண்டா என்று தேடுவது ஆகிய அனைத்தும் மூடிய அந்தச் சிறு பெட்டிக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. நுண்ணோக்கியில் தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். இதற்கோ நூற்றுச் சொச்சமே போதும். 2017இல் பரிந்துரைக்கப்பட்ட அல்ட்ரா வகை இன்னும் கூர்மையானது என்பதால், மூளையுறைக் காசநோய் போன்று கிருமி மிகக் குறைவாக உள்ள மாதிரிகளுக்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மற்றொரு முக்கியக் காசநோய் மருந்தான ஐசோனியசிட்டுக்கான எதிர்ப்பை இந்தக் கார்ட்ரிட்ஜ் காட்டாது. இறந்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இது கண்டறிவதால், சிகிச்சை பலனளிக்கிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்தவே கூடாது. அதை மறந்து முடிவைப் படித்தால், குணமாகி வருபவருக்கு வீண் அச்சமே மிஞ்சும். அந்தக் கண்காணிப்புக்கு வளர்ப்புச் சோதனை இன்றும் தேவைப்படுகிறது.