2033 அலாஸ்கா கிரகணப் பயணம் என்று மாதத் தவணை கேட்டால் கொடுக்காதீர்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "2033 முழு சூரிய கிரகணம், அலாஸ்கா சுற்றுலா, மாதம் 2,500 ரூபாய்" என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் 45,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். என் பேச்சை நம்பி இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கிரகணம் என்றால் உயிர். 2019 டிசம்பர் 26 அன்று அதற்காகவே திண்டுக்கல் போய் வளைய கிரகணம் பார்த்தேன். அழகுதான். ஆனால் ஓரத்தில் அந்த வளையம் எரிந்துகொண்டே இருப்பதால் வானம் இருட்டாது. முழு கிரகணத்தில்தான் பகலில் கிரகங்கள் தெரியும், சூரியனைச் சுற்றியிருக்கும் ஒளிவட்டமான கரோனா வெறும் கண்ணுக்கே தெரியும். இந்தியாவில் 1980, 1995, 2009 என்று வாய்ப்புகள் வந்து போய்விட்டன. 1980இல் நான் கைக்குழந்தை. 1995இல் பள்ளிப் பையன், வடநாட்டுக்கு யார் அழைத்துப் போவார்கள்? 2009இல் லீவு கிடைக்கவில்லை. சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அந்த ஆபீஸ் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது. சேரும்போது 10,000 ரூபாய், அப்புறம் மாதம் 2,500 வீதம் 96 தவணை. மொத்தம் இரண்டரை லட்சத்தில் அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் உட்கியாக்விக் ஊருக்குக் கூட்டிப் போய் கிரகணம் காட்டுவார்களாம். சீட்டு கட்டிப் பழகிய எங்களுக்குத் தவணை ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எட்டு வருடம் தாங்குவீர்களா என்று கேட்டேன். ஆபீஸ்காரர் சிரித்துக்கொண்டே, "இன்னா சார், சூரியனே சொன்ன தேதிக்கு வருது, நாங்க வர மாட்டமா?" என்றார்.

நான் விழுந்தது அங்கேதான். வீட்டுக்கு வந்து தேதியைச் சரிபார்த்தேன். 2033 மார்ச் 30, முழு கிரகணம், அலாஸ்காவின் வடக்கு, ரஷ்யாவின் கிழக்கோரம். நாசா பட்டியலில் அப்படியே இருந்தது. தேதி உண்மை என்றதும் மற்றதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டேன். கிரகணத்தின் தேதியை நூறு வருடம் முன்னாலேயே யாரும் கணக்குப் போட்டுச் சொல்லலாம். அதைச் சரியாகச் சொன்னவர் பயணத்தையும் சரியாக நடத்துவார் என்பதற்கு என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி எனக்கு 14 தவணை கட்டிய பிறகுதான் வந்தது.

அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் நோட்டீஸை எடுத்துப் படித்தாள். "ஆங்கரேஜிலிருந்து இரவு சொகுசுப் பேருந்தில் உட்கியாக்விக்" என்று இருந்தது. போனில் மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இந்த ஊருக்கு வெளியூர்லேர்ந்து ரோடே கிடையாது" என்றாள். ஆமாம், அந்த ஊருக்கு விமானத்தில்தான் போக முடியும்.

அதன்பிறகு வரிக்கு வரி பார்த்தோம். "ஆறு நிமிட இருட்டு" என்று போட்டிருந்தார்கள். 2033 கிரகணத்தில் முழு மறைப்பு அதிகபட்சம் 2 நிமிடம் 37 விநாடிதான். ஆறு நிமிடத்துக்கு மேல் கிடைப்பது 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் பக்கம். அடுத்து, படத்தில் கறுத்த சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. துருவப் பக்கம் நிழல் பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு சாய்வாக விழும். அதனால் உட்கியாக்விக்கில் அப்போது சூரியன் சுமார் 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். காசிமேட்டில் கடலிலிருந்து சூரியன் எழுந்து முக்கால் மணி நேரம் ஆனால் எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான். அடிவானத்தில் கொஞ்சம் மேகம் வந்தாலே போச்சு. குளிர் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது அங்கே மார்ச்சில் சாதாரணம். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எல்லாவற்றையும்விட மோசம், 'உறுதி செய்யப்பட்ட விமான டிக்கெட்' என்று பிஎன்ஆர் நம்பர் போட்டுக் கொடுத்த தாள். விமான கம்பெனிகள் பொதுவாக ஒரு வருடத்துக்கு உள்ளேதான் முன்பதிவே திறக்கும். 2033க்கு இப்போது எப்படி டிக்கெட் வரும்? அமெரிக்க விசாவுக்கும் 'கேரண்டி' என்றார்கள். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் கையில் இருக்கிறது, எந்த ஏஜென்டும் அதற்கு உறுதி தர முடியாது.

மறுநாள் கேட்கப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. காலி செய்து பத்து நாள் ஆகிவிட்டது என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். இரண்டு போன் நம்பரும் அணைந்துவிட்டன.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். சேர்ந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்பாக இரண்டு கிரகணக் கண்ணாடி கொடுத்தார்கள். தயவுசெய்து அதைத் தூக்கி எறியுங்கள். போட்டுக்கொண்டு பார்த்தால் வீட்டு ட்யூப்லைட் பளிச்சென்று தெரிகிறது. நல்ல கண்ணாடியில் சூரியனைத் தவிர அநேகமாக ஒன்றுமே தெரியக் கூடாது. 2031 மே 21 அன்று மதுரை வழியாக வளைய கிரகணம் வருகிறது. அன்றைக்கு ஆகும் என்று யாராவது பீரோவில் எடுத்து வைத்திருந்தால், அதைக் குழந்தைகள் கண்ணில் மாட்டிவிடாதீர்கள். விழித்திரை வெந்தால் அந்த நேரத்தில் வலிகூடத் தெரியாது.

இன்னொன்று. அலாஸ்காவுக்கு அடுத்த வருடமே, 2034 மார்ச் 20 அன்று, நம் லடாக்கில் முழு கிரகணம் வருகிறது. விசா வேண்டாம். அந்த ஆபீஸில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜிபேயில் கட்டியதால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து பதிவு செய்தோம். பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் கொடுத்தது பச்சை நிற ரசீதுப் புத்தகம், அட்டையில் கறுப்புச் சூரியன் படம் இருக்கும். உங்களிடமும் ஒன்று இருந்தால் கோபத்தில் கிழித்துப் போடாமல், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டோடு எடுத்துக்கொண்டு போய் நீங்களும் புகார் கொடுங்கள்.