நீர்நிலைப் பாதையில் எட்டா, பத்தா, ஸ்கோப்பா?

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: பைனாகுலர் எட்டு மடங்கு வாங்கலாமா, பத்து மடங்கா? பத்துதானே பெரிதாகக் காட்டும், அதையே வாங்கிவிடலாம் என்று மனசு சொல்லும். நானும் அப்படித்தான் 10×42-இல் (பத்து மடங்கு, முன்கண்ணாடி 42 மி.மீ.) தொடங்கினேன். இப்போது கழுத்தில் தொங்குவது 8×42.

மாற்றியது நாணல்தான். கரைமேல் நடக்கும்போது பத்து, இருபது மீட்டர் தூரத்தில் ஒரு கதிர்க்குருவி தட்டையைப் பிடித்துத் தொற்றும், தலையைக் காட்டும், அடுத்த நொடி இரண்டு தட்டை தள்ளிப் போய்விடும். எட்டில் ஆயிரம் மீட்டர் தூரத்தில் 130 மீட்டர் அகலத்துக்கு மேல் தெரியும். பத்தில் 110 மீட்டர் போலத்தான். இருபது மீட்டரில் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏறக்குறைய அரை மீட்டர். கேட்கச் சின்னதுதான். ஆனால் குருவி போய் ஒளிந்தது அந்த அரை மீட்டருக்குள்தான் என்றால், பச்சைத் தட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது விடியற்கால வெளிச்சம். முன்கண்ணாடியின் 42 மி.மீ.யை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எட்டில் 5.25 மி.மீ., பத்தில் 4.2. இருட்டில் கண்பாவை விரிந்திருக்கும் என்பதால், தாழைக்கோழி புதரிலிருந்து எட்டிப் பார்க்கும் நேரத்தில் எட்டு பளிச்சென்று காட்டும். வெயில் ஏறிவிட்டால் பாவை சுருங்கிவிடும், இரண்டும் ஒன்றுதான்.

கை நடுக்கமும் இருக்கிறது. பத்து மடங்கில் பறவையோடு சேர்ந்து நடுக்கமும் பத்து மடங்கு. நடந்து மூச்சு வாங்கியபடி கண்ணில் வைத்தால் மூச்சுக்கு மூச்சு படம் ஏறி இறங்கும். திறந்த நீர்ப்பரப்பு, வேலிக்கம்பில் முழங்கையை ஊன்றிக்கொள்ள வசதி என்றால் பத்து தாராளமாகப் போதும். தொலைவில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தைப் பிரித்துப் பார்க்க அதுவே மேல்.

எடை பெரிய பிரச்சினை என்றால் 8×32. விடியலில் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

ஸ்கோப், அதாவது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, வேறு ரகம். இருபது முதல் அறுபது மடங்கு வரை காட்டும், முக்காலி இல்லாமல் ஒன்றும் நடக்காது. வளைந்து வளைந்து போகும் பாதையில் அதைத் தூக்கி நடப்பவர் பறவையைவிடத் தோள்பட்டையைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பார். வெயில் ஏறியதும் கானல் எழுந்து படம் கொதிக்கும். அறுபதில் சிலையாய் நிற்கும் கொக்குகூட ஆடும், முப்பதுக்கு இறக்கிவிடுவது நல்லது. ஆனாலும் சேற்றுத்திட்டு ஒன்று எதிரே விரிந்து, ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்காரத் தயார் என்றால் அதற்கு ஈடில்லை.

கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக்குக் கால் கறுப்பு. அதன் நெருங்கிய உறவான டெம்மிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த வெளிர்நிறம். பைனாகுலரில் இரண்டுமே ஓடும் பொட்டுகள். ஒருநாள் சேற்றில் இப்படி ஒன்று தெரிந்தது; ஸ்கோப்பை ஊன்றி, நிதானமாக அதன் காலைப் பார்த்தேன். கறுப்பு. குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். ஆனால் நடை இடித்தது: கொசு உள்ளான் குடுகுடுவென்று ஓடும், இதுவோ காலை மடக்கிப் பம்மிப் பம்மி நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்தேன். தண்ணீருக்குள் இறங்கி மறுபக்கம் ஏறியபோது கால் மஞ்சள். அதுவரை நான் பார்த்தது சேறு.