24 பக்கமா, 2 பக்கமா: அலுவலகக் கணினி விதிகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையது 12 பேர் வேலை செய்யும் கணக்கர் அலுவலகம். கணினிப் பயன்பாட்டு விதிகளை எழுதும் வேலை இரண்டு முறை என் தலையில் விழுந்தது. முதல் முறை, ஆயத்தமாகக் கிடைத்த 24 பக்க ஆங்கிலப் படிவத்தில் நிறுவனப் பெயரை மட்டும் மாற்றி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். இரண்டாம் முறை நாங்களே உட்கார்ந்து 2 பக்கம் எழுதினோம். யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆயத்தப் படிவம் ஒரே மதியத்தில் முடிந்துவிடும், செலவும் இல்லை. ஆனால் 24 பக்கத்தை வருடா வருடம் யார் திறந்து பார்ப்பது? எங்களுடையதில் ஃபேக்ஸுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது, வாட்ஸ்அப்புக்கு ஒரு வரி இல்லை. சம்பளக் கணக்குப் பார்க்கும் தம்பி, வீட்டில் முடித்துவிடலாம் என்று வாடிக்கையாளருடைய ஊழியர்களின் ஐசி (அடையாள அட்டை) நகல்களைத் தன் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தார். கேட்டதற்கு, "அக்கா, கூடாதுன்னு எங்கேயும் போடலையே" என்றார். போடவில்லைதான்.

சட்டமும் நிற்பதில்லை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு வரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். சம்பளத் தரவுக்கு அந்தக் கடமை வாடிக்கையாளருடையது. ஆனால் நாங்கள் வாய் திறந்தால்தானே அவருக்குத் தெரியும்? அதனால் எங்கள் முதல் விதி: பென்டிரைவ் தொலைந்தாலும் மின்னஞ்சல் ஆள் மாறிப் போனாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும், சொன்னவருக்குத் தண்டனை இல்லை.

ஒவ்வொரு ஜனவரியும் 2 பக்கத்தையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சத்தமாக வாசிக்கிறோம். அரை மணி நேரம் போதும். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றபோது, வீட்டுப் பழைய மடிக்கணினிகளைப் பற்றி அந்த வாரமே ஒரு வரி சேர்த்தோம். 24 பக்கத்தில் அதை எங்கே நுழைப்பது என்று தேடவே ஒரு நாள் போயிருக்கும்.

கண்காணிப்பு மென்பொருளையும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் சொந்தக் கைப்பேசிக்கு மாறியதுதான் மிச்சம். ஒரு மாத அனுபவத்தை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒழுங்கீனத்துக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். எங்கள் 2 பக்கம் அந்த விசாரணை மேசைக்கு இதுவரை போனதில்லை. 200 பேர் இருக்கும் இடமென்றால் கையெழுத்து வாங்கும் முன் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.