விதை போட்டு வளர்த்த முந்திரி: எட்டாவது வருஷத்தில் எழுதுவது

முந்திரியை விதை போட்டு வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்டால், நிழலும் பழமும் போதுமென்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம் என்பேன். பருப்புதான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்கிவிடுங்கள்.

எங்களுடையது பண்ருட்டிப் பக்கம், செம்மண் பூமி. கொல்லையில் நிற்கும் இரண்டு மரங்களும் மாமா தோப்பிலுள்ள ஒரே தாய்மரத்தின் விதையில் வந்தவை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது அசையாமல் நின்ற மரம் அது. அந்த ஆசையில்தான் கொட்டை கேட்டு வாங்கி வந்தேன்.

கடையில் விற்கும் பருப்பு முளைக்காது. ஓட்டோடு கூடிய, அந்த வருஷத்துக் கொட்டை வேண்டும். தானாக விழுந்த பழத்திலிருந்து திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்குவதை ஒரு நாள் ஊறவைத்து, காம்பு ஒட்டியிருந்த பக்கம் மேலே வரும்படி சற்றுச் சாய்வாக ஊன்ற வேண்டும். ஆழம் இரண்டு விரற்கடை போதும். இரண்டு மூன்று வாரத்தில் மண் வெடிக்கும். ஓடு கழன்று விழ, உள்ளிருந்த பருப்பு இரண்டாகப் பிரிந்து தடித்த பச்சை இலைகளாக விரியும். அணிலும் எலியும் இதற்காகவே காத்திருக்கும். முளைவிட்ட பருப்பு நமக்கே ருசிதான், அவற்றைச் சொல்லி என்ன பயன்? சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டால் தப்பும்.

பையில் வளர்த்து நடுவதைவிட நேரே குழியில் ஊன்றுவது மேல். ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும். பைக்குள் இருந்தால் அடியில் சுருண்டுவிடும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டோம், அப்புறம் அதுவே பார்த்துக்கொண்டது. அடியில் கிளைக்கும் பக்கக் கிளைகளை மட்டும் இடுப்பளவு உயரம் வரை கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் புதராகிவிடும். சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி வையுங்கள். உயரத்தைவிடப் பக்கவாட்டில் பரவுகிற மரம்.

காய்ப்புக்கு வந்தபோதுதான் விதைக்கன்றின் குணம் தெரிந்தது. ஒரு மரம் நாலாம் வருஷமே பூத்தது. மஞ்சள் பழம், கை நிறைய இருக்கும், கொட்டையோ சிறுத்துப்போனது. இன்னொன்று ஆறாம் வருஷம் வரை காக்க வைத்துவிட்டுச் சிவப்புப் பழம் தந்தது. கொட்டை கனமாக இருக்கிறது, எண்ணிக்கைதான் குறைவு. தாய்மரத்தின் காய்ப்பு இரண்டிலும் இல்லை. அயல்மரத்து மகரந்தமும் சேர்வதால் விதையில் தாயின் குணம் அப்படியே வராது. ஒட்டு கட்டுவதே அதற்காகத்தான்.

பூக்கும் சமயத்தில் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி துளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் ஓரளவு தாங்கும், முழுசாக இல்லை. இதைவிடப் பொல்லாதது தண்டுத் துளைப்பான். அடிமரத்தில் ஓட்டையும் பிசினும் மரத்தூளும் தெரிந்தால் அன்றைக்கே கம்பியை விட்டுப் புழுவை இழுத்துப் போட வேண்டும். இலை மஞ்சளாகும் வரை விட்டால் மரம் போய்விடும்.

பழத்தைப் பற்றிக் குறையே இல்லை. உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டைக் கரகரப்பு மட்டுப்படும். ஒரு நாள் தாங்காது என்பதால் சந்தையில் நல்ல பழம் கிடைப்பது அரிது. மரத்தடி வீட்டுக்காரனுக்குத்தான் அந்தக் கொடுப்பினை.

பருப்பு எடுப்பதுதான் வதை. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகிவிடும். வெட்டவெளியில் பழைய தகரத்தில் போட்டு வறுத்தால் அந்த எண்ணெய் குப்பென்று தீப்பிடிக்கும், புகை கண்ணைக் கரிக்கும். மணலையோ சாம்பலையோ அள்ளிப் போட்டு அணைத்து, ஆறியபின் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இவ்வளவுக்கும் நாலு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு தேறினால் பெரிசு. இதையே நாள் முழுக்கச் செய்யும் எங்கள் ஊர்ப் பெண்களின் கைகளைப் பார்த்தவர்கள் முந்திரி விலை அதிகம் என்று சொல்லமாட்டார்கள்.

இப்போதெல்லாம் கொட்டையை ஓட்டோடு வியாபாரியிடம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வேண்டிய பருப்பைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். மூன்றாவதாக ஒரு மரத்துக்கு இடம் இருக்கிறது. அதற்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்றுதான் வைக்கப்போகிறேன்.