டெல்லிக் குளிரிலும் லூ காற்றிலும் .22 மேட்ச் தோட்டா: சில வருட அனுபவம்

துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்தபடி) ரைஃபிள் சுடுகிறவர்களுக்கு ஜனவரியும் மே மாதமும் இரண்டு வேறு ஊர்கள். ஜனவரிக் காலையில் 7 டிகிரி குளிரில் விரல் விறைத்துக் கிடக்கும். மே மாதம் அதே லேனில் 43 டிகிரி, லூ என்னும் வறண்ட அனல் காற்று முகத்தில் அறையும். சில வருடங்களாக ஒரே ரைஃபிள், ஒரே ஐரோப்பிய .22 மேட்ச் தோட்டா (0.22 அங்குலப் போட்டித் தோட்டா) என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிராண்டு பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. .22-இல் ஒரு பேரலுக்குப் (துப்பாக்கிக் குழலுக்கு) பிடித்த லாட், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டாக்கள், பக்கத்து லேன்காரரின் பேரலுக்குப் பிடிக்காது. பெயரை நம்பி வாங்கினால் காசுக்குத்தான் கேடு.

முதலில் கணக்கு. புல்லட் (தோட்டாவின் ஈயக் குண்டு) பேரலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு 325 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் போவதற்குள் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இறங்கும். வேகம் 3 மீட்டர் குறைந்தால் இன்னும் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கும். கேட்க அற்பம். ஆனால் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், தசமப் புள்ளியில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.8 மில்லிமீட்டர். 10.6 விழ வேண்டிய ஷாட் 10.3 ஆகிவிடும்.

வெடிமருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், அழுத்தம் கூடும், புல்லட் விரைவாகப் போகும். குளிர்ந்தால் நேர்மாறு. .22 தோட்டாவில் இருக்கும் மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேரலின் பாதி தாண்டும் முன்பே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். அதனால் மருந்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. புல்லட் மேல் பூசிய மெழுகு குளிரில் இறுகும், வெயிலில் இளகும். பேரலுக்குள் உராய்வு மாறும். என் அனுபவத்தில் குளிர்காலத்து மேல்-கீழ் சிதறலுக்கு இந்த மெழுகுக்கும் கணிசமான பங்கு உண்டு. குளிர்ந்த பேரலில் முதல் சில சைட்டர் ஷாட்களை (புள்ளிக் கணக்கில் சேராத சோதனை ஷாட்களை) நான் நம்புவதே இல்லை.

அமெரிக்காவில் பெரிய காலிபர் சுடுகிறவர்கள் மருந்தைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே தோட்டா கட்டிக்கொள்கிறார்கள். ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கும் வார்கெட், எச்4350 போன்ற மருந்துகள் ஆஸ்திரேலியாவில் தயாராகிறவை; வெப்பநிலைக்கு அதிகம் அசையாது என்பதுதான் அவற்றுக்கு விளம்பரமே. நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிப்படை மருந்துகள் பொதுவாகக் கொஞ்சம் அதிகமாக அசையும் என்பார்கள். நமக்கு அந்தத் தெரிவு கிடையாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நம் .22 போன்ற ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாவோ மறுபடி நிரப்புவதற்கென்று செய்யப்பட்டதே இல்லை. தொழிற்சாலை என்ன அடைத்ததோ அதுதான். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தையும் 21 டிகிரி வாக்கில் அளந்திருப்பார்கள். டெல்லியில் அந்த 21 டிகிரி நவம்பரிலும் மார்ச்சிலும் சில மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

சரி, நடைமுறையில் என்ன பார்த்தேன்? டிசம்பர் பாதியில் குரூப் (இலக்கில் ஷாட்கள் சேர்ந்து விழும் கூட்டம்) கீழே இறங்கும், குறி பார்க்கும் சைட்டைச் சில க்ளிக், அதாவது திருகின் சில படிகள், மேலே ஏற்ற வேண்டும். ஏப்ரலில் அந்த க்ளிக்குகளைத் திருப்பித் தர வேண்டும். இது தொந்தரவே இல்லை. ஷாட்டுக்கு ஷாட் மாறுவதுதான் தொந்தரவு. மே மாதத்தில் தோட்டாவைச் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில்) போட்டுவிட்டுக் காற்றுக்குக் காத்திருந்தால், சூடான பேரல் அதை வேகவைத்துவிடும். அடுத்த ஷாட் மேலே ஏறும். இப்போது காற்றைப் பார்த்து முடிவு செய்த பிறகுதான் தோட்டாவை உள்ளே தள்ளுகிறேன். ஆனால் கோடையில் மேலே போகிற எல்லாமே மருந்தின் வேலை இல்லை. கானல் அலையில் இலக்கே மிதக்கும், வெளிச்சமும் பார்வையை ஏமாற்றும். இதைப் பிரித்துப் பார்க்காமல் தோட்டாவைத் திட்டுகிறவர்கள் எங்கள் ரேஞ்சில் நிறைய.

குளிரில் தோட்டாப் பெட்டியை ஜாக்கெட் உள்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அது சரிவரவில்லை. முதல் பத்து தோட்டா வெதுவெதுப்பு, கடைசிப் பத்து ஜில். அரை மணி நேரம் முன்பே படுத்துச் சுடும் விரிப்புக்குப் பக்கத்தில் நிழலில் வைத்து, எல்லாம் ஒரே குளிருக்கு வரட்டும் என்று விட்டுவிடுவதே மேல். கோடையில் டிஃபன் கொண்டுபோகும் வெப்பம் தாங்கும் பையில் எடுத்துப் போகிறேன், ஐஸ் இல்லாமல். ஐஸ் வைத்தால் தோட்டா வேர்க்கும். காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது மட்டும் கூடவே கூடாது.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து எங்களோடு சுடுகிற தம்பி ஒருவன் முதல் ஜனவரியில் கேட்டான்: "அண்ணா, ஊர்ல இவ்வளவு க்ளிக் திருப்பினதே இல்லையே, ரைஃபிள்ல ஏதாவது கோளாறா?" அங்கே குளிர்காலம் என்று ஒன்று இருந்தால்தானே! ஊரில் பிப்ரவரியில் சோதித்து எடுத்த லாட்டை அவன் அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தான். அதன் குரூப் இங்கே டிசம்பரில் நீண்டுவிட்டது, மார்ச்சில் பழையபடி உருண்டையானது.

அதனால் நான் இப்போது லாட் சோதனையை இரண்டு தடவை செய்கிறேன், ஒரு முறை ஜனவரிக் காலை, ஒரு முறை மே மதியம். இரண்டிலும் முதலிடம் பிடிக்கும் லாட் கிடைப்பது அபூர்வம். இரண்டிலும் இரண்டாவதாக வருவதைத்தான் பெட்டிக்கணக்கில் வாங்கி வைக்கிறேன். நம் தேசியப் போட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் வருவதால், இழுபறி என்றால் ஜனவரி முடிவுக்குத்தான் என் ஓட்டு.