ரிப்பன் பில்டிங் கட்டும் முன்பே தபாலில் போன ரிப்பன் பில்டிங்: ₹18,500 போச்சு

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்தேன். ஆறவில்லை. பழைய மெட்ராஸ் பிக்சர் போஸ்ட்கார்டு சேர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். போலி அட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விவரமாகக் கீழே தருகிறேன். என் ₹18,500 போனது போகட்டும், உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

பதினோரு வருஷமாகச் சேர்க்கிறேன். அட்டையை வாங்கி ஆல்பத்தில் செருகுவதோடு நிற்கிற ஆள் இல்லை நான். படத்தில் இருப்பது எந்த வருஷம், யார், ஏன் எடுத்தார்கள் என்று தோண்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். தெருவுக்கு மேலே டிராம் கம்பி ஓடினால் 1895-க்குப் பிறகு. ஹைகோர்ட் கோபுர உச்சியில் கலங்கரை விளக்கு இருந்தால் 1894-க்குப் பிறகு. என்னிடம் இருக்கும் இரண்டு அட்டைகளில் ஒரே ஸ்டுடியோ திரைச்சீலை, ஒரே முக்காலி. ஒன்றில் 'பிராமணர்' என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 'வியாபாரி'. உற்றுப் பார்த்தால் ஆள் ஒருத்தரேதான்! அப்படியெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற எனக்குத்தான் இந்த நாமம்.

பழம்பொருள் விற்கிற ஒரு ஆன்லைன் சந்தை. பெயர் சொல்ல மாட்டேன், வீண் வம்பு. மூன்று மாதம் முன்னால் அங்கே ஒருவரிடம் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட மவுண்ட் ரோடு அட்டை ஒன்று வாங்கினேன், ₹900. அசல். லென்ஸில் வைத்தால் புள்ளி கிடையாது, காய்ந்த குளத்து மண் வெடித்த மாதிரி நுண்ணிய வலை தெரிந்தது. கோலோடைப் அச்சு, அந்தக் காலத்தில் போட்டோவை அச்சடித்த முறை. பார்சலும் அழகாக வந்தது, இரண்டு பக்கம் கெட்டி அட்டை வைத்து. இப்போது புரிகிறது, அது தூண்டிலில் குத்திய புழு.

போன வாரம் அவரே போன் செய்தார். "சார், ஒரு லாட் வந்திருக்கு. பதினாலு கார்டு. எம்டன் கார்டும் இருக்கு."

எம்டன் என்றதும் எனக்குக் கை நடுங்கியது நிஜம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டு, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஹைகோர்ட் மதிலில் இன்றைக்கும் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. எரிகிற தொட்டிகளின் படம் அட்டையாக வந்தது. பல வருஷமாக அதைத்தான் தேடுகிறேன்.

அந்த ஆள் சும்மா விற்கவில்லை. கதை சொன்னார். கப்பலின் கேப்டன் ஃபான் முல்லர் பெயர் தெரிந்திருந்தது. ஆரம்பக் கால அட்டைகளில் பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும்தான், சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுதணும், பிரிட்டனில் 1902-ல்தான் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார்கள் என்றார். எல்லாம் சரி. ஒரு வார்த்தை தப்பில்லை. நானே சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். "இதெல்லாம் தெரியாதவன் கையில போனா ஃப்ரேம் போட்டு ஓட்டல்ல மாட்டிடுவான் சார். உங்களை மாதிரி ஆள்கிட்ட இருக்கணும்" என்றார். அந்த இடத்தில் விழுந்தேன். விஷயம் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று எந்த மடையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தானோ.

தளத்தில் விலை ₹20,000. "கமிஷன் அவனுக்கு ஏன் சார் தரணும், நேரா யுபிஐ-ல போடுங்க, பதினெட்டாயிரத்து ஐநூறு போதும்." போட்டேன். ₹18,500. பின் நம்பரை என் விரலால் நானே அழுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மேஜை விளக்கைப் போட்டு முதலில் எம்டனை எடுத்தேன். பத்து மடங்கு லென்ஸ். கறுப்புப் புகை இருக்க வேண்டிய இடத்தில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்பூவாகச் சேர்ந்து நிற்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் கலர்ப் புள்ளி எங்கிருந்து வந்தது? நேற்றைக்கு அச்சடித்தது. நோட்டு சரிபார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தேன். பதினாலும் சலவைச் சட்டை மாதிரி பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தன. வெண்மையூட்டி கலந்த பேப்பர். 1950-க்கு முந்தைய காகிதம் அப்படி ஒளிராது, மங்கலாகத்தான் கிடக்கும்.

ரிப்பன் பில்டிங் அட்டைதான் உச்சம். படத்திலேயே தபால்தலை ஒட்டியிருந்தது, ஏழாம் எட்வர்ட், பச்சை அரை அணா. தலை அசல்தான், அது சல்லிசாகக் கிடைக்கும். அதன் மேல் முத்திரையில் '08' தெளிவாக இருக்கிறது. ரிப்பன் பில்டிங்குக்கு அடிக்கல் போட்டதே 1909-ல். கட்டி முடித்துத் திறந்தது 1913-ல். இந்த அட்டையில் மணிக்கூண்டு, கொடிக்கம்பம் எல்லாவற்றோடும் கட்டடம் ஜம்மென்று நிற்கிறது! முத்திரையின் வட்டமும் தலையின் ஓரத்தோடு அறுந்து நின்றுவிட்டது. தபால்காரர் குத்தினால் மை பாதி தலையில், பாதி அட்டையில் விழும். இதில் அட்டைப் பக்கம் மை என்பதே இல்லை. எங்கிருந்தோ உரித்து எடுத்த தலையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான்.

அப்புறம் பின்பக்கங்களைத் திருப்பி வரிசையாக வைத்தேன். நாலு அட்டையில் ஒரே இடத்தில், இடது கீழ் மூலையில், ஆட்டுக் காது மாதிரி ஒரே பழுப்புக் கறை. விரலால் தடவினால் வழவழ. கறையும் அச்சு! ஏதோ ஒரு அசல் அட்டையின் முதுகை ஸ்கேன் செய்து எல்லாவற்றுக்கும் அதையே போட்டிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. வீட்டில் எட்டாயிரம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் போன் செய்தேன். எடுத்தார், அதே பவ்யமான குரல். "சார், ஒரிஜினல்னு நான் எங்கேயும் எழுதலையே. 'விண்டேஜ் மெட்ராஸ்'னுதானே போட்டேன்?" போய்ப் பார்த்தேன். உண்மைதான், எழுதவில்லை. வாயால் மட்டும்தான் சொன்னார். எட்வர்ட் தலையைப் பற்றிக் கேட்டேன். "அது டெகரேஷன் சார்." அடுத்த கால் போகவில்லை, பிளாக். நம் பாட்டிகள் பொல்லாத ஆளை 'அவன் எம்டன்' என்பார்களே, இவனுக்குத்தான் அது பொருந்தும். அந்தக் கப்பல்காரனாவது வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்து சுட்டான்.

சந்தைத் தளத்துக்குப் புகார் கொடுத்தேன். "பணம் எங்கள் வழியாக வரவில்லை, விற்பனையாளரிடம் பேசிக்கொள்ளவும்" என்று ஒரே வரி. மறுபடி எழுதினேன், அதே வரி. மூன்றாவது தடவை 'தீர்வு காணப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்வு, யாருக்குத் தீர்வு? பேங்கில் கேட்டால் "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே சார்" என்கிறார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு அடித்துப் புகார் பதிவு செய்து, ஸ்டேஷனுக்கும் போனேன். ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "போஸ்ட்கார்டு ஐம்பது காசுதானே சார்? பதினெட்டாயிரத்து ஐநூறா?" பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய.

சரி, விவரமாகத் தருகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுத இப்போது மனசு இல்லை, மன்னிக்கவும். அவசரமாக இவ்வளவுதான்: தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். 'அசல்' என்று எழுத்தில் வாங்குங்கள். லென்ஸ் வைத்து எடுத்த படம் கேளுங்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். அளவு கேளுங்கள், அந்தக் கால அட்டை பெரும்பாலும் 9க்கு 14 சென்டிமீட்டர், இன்றைய போட்டோ பேப்பர் 10க்கு 15. முத்திரைத் தேதியையும் படத்தில் இருக்கும் கட்டடத்தையும் ஒத்துப் பாருங்கள். முதலில் வந்த ஒரு அட்டை அசலாக இருந்ததே என்று நம்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தளத்தைத் திறந்து பார்த்தேன். வேறு பெயரில் புதுக் கணக்கு, அதே பதினாலு அட்டை, அதே ₹20,000. நாலாவது படத்தைப் பெரிதாக்கினால் இடது கீழ் மூலையில் ஆட்டுக் காது. கீழே யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார்: "எம்டன் கார்டு இன்னும் இருக்கா சார்?"