கேலப் கியூ12 சர்வே: யார் வாங்கலாம், எங்கே சறுக்கும்

ஊழியர் மனநிலையை அளக்க ஐம்பது அறுபது கேள்வி கேட்கும் சர்வேக்கள் நிறைய உண்டு. அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப்பின் கியூ12 பன்னிரண்டோடு நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க், அவ்வளவுதான். என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியுமா, வேலைக்கு வேண்டிய கருவி இருக்கிறதா, கடந்த ஏழு நாளில் யாராவது பாராட்டினார்களா, என் கருத்துக்கு மதிப்பு உண்டா என்று போகும். பெரும்பாலும் டீம் லீடரே கைவைத்துச் சரிசெய்யக்கூடிய விஷயங்கள். டீம்களுக்கிடையே ஈடுபாட்டில் தெரியும் வேறுபாட்டில் 70 சதவீதமாவது மேனேஜரால் வருவது என்பது கேலப்பின் கணக்கு. அதனால்தான் ரிப்போர்ட்டும் டீம்வாரியாக வருகிறது. இதன் உண்மையான பலம் அதுதான்.

கேள்வி வரிசைக்கும் அர்த்தம் உண்டு. முதல் இரண்டு அடிப்படைத் தேவை, அடுத்த நான்கு தனிமனிதக் கவனிப்பு, பிறகு நான்கு டீம் சார்ந்தவை, கடைசி இரண்டு வளர்ச்சி. கீழ்ப்படியிலிருந்து சரிசெய்ய வேண்டும். ஒரே வெர்னியர் காலிப்பருக்கு (நுட்பமாக அளவெடுக்கும் கருவி) மூன்று பேர் காத்து நிற்கும் ஷாப் ஃப்ளோரில், எல்லோரையும் ரிசார்ட்டுக்கு அழைத்துப்போனால் இரண்டாம் கேள்வியின் மார்க் அசையாது. இன்னும் இரண்டு காலிப்பர் வாங்கினால் அசையும்.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எட்டுப் பேரில் நால்வர் 5, நால்வர் 2 போட்டாலும் 3.5, நால்வர் 4, நால்வர் 3 போட்டாலும் 3.5. முதல் டீமில் கோஷ்டி இருக்கிறது, அல்லது ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் அநியாயம் நடக்கிறது. எந்த மார்க்கை எத்தனை பேர் போட்டார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். மிகச் சிறிய டீமுக்கு இது கிடைக்காது. கொடுத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சறுக்கல் பெரும்பாலும் நடத்தும் விதத்தில்தான். யார் யாருக்குக் கீழே என்ற பட்டியலில் பழைய மேனேஜர் பெயர் கிடந்தால், மார்க் வேறொருவர் கணக்கில் ஏறும். இரண்டு வாரம் முன்பே சரிபாருங்கள். இன்க்ரிமென்ட் லெட்டர் கொடுக்கும் மாதத்தில் நடத்தினால் சம்பளக் கோபம் எல்லாக் கேள்வியிலும் கசியும். எல்லாவற்றையும் விட மோசமானது, மார்க்கை மேனேஜரின் போனஸோடு கட்டுவது. "பார்த்துப் போடுங்கப்பா" என்று அவரே சீட் சீட்டாக வருவார். எண் ஏறும், குறை அப்படியே இருக்கும். வேலையிடத்தில் உற்ற நண்பர் உண்டா என்ற பத்தாம் கேள்விக்குச் சிலர் நெளிவார்கள். அதற்காக அதை நீக்கினால் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடும் வசதி கெட்டுவிடும்.

ரிப்போர்ட் வந்த மூன்று வாரத்துக்குள் ஒவ்வொரு டீமும் 45 நிமிடம் உட்கார வேண்டும். ஒரே ஒரு கேள்வியை எடுத்து, "இது 5 ஆக என்ன மாறணும்?" என்று கேளுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி ஒட்டி, 30 நாளில் திரும்பப் பாருங்கள். ரிப்போர்ட்டை ஹெச்.ஆர். பீரோவில் பூட்டி வைத்தால் அடுத்த முறை யாரும் மனம்விட்டுப் பதில் போட மாட்டார்கள்.

சம்பளம், பாலியல் தொந்தரவு, பாதுகாப்பு எதையும் இது கேட்பதில்லை. அவற்றுக்குத் தனி வழி வேண்டும். முப்பது பேருக்குக் குறைவான கம்பெனிக்கு இந்தச் செலவு தேவையில்லை, முதலாளி ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேசினால் போதும். கேள்விகளுக்குக் காப்புரிமை உண்டு, நகலெடுத்து நடத்தாதீர்கள். நூறு பேருக்கு மேல், பல அடுக்கு மேனேஜர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். கொட்டேஷன் கேட்கும்போதே தமிழ், இந்திப் படிவம் உண்டா, ஆபீஸ் மெயில் இல்லாத தொழிலாளர்கள் எப்படிப் பதில் போடுவார்கள், மேனேஜர்களுக்கான பயிற்சி விலையில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.